எபிசோட் 41: அறிகுறியே இல்லை, ஹெர்பிஸ் டெஸ்ட் எடுக்கணுமா?

(ஒலி வடிவத்திலிருந்து சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்)

இந்த எபிசோடை ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்க. தப்பா எதுவும் பேசப் போறதில்லை. ஆனா ஹாலில் அப்பா பேப்பர் படிச்சிட்டு இருக்கும்போது ஸ்பீக்கர்ல திடீர்னு 'ஹெர்பிஸ்'னு கேட்டுச்சுன்னா, அதுக்கு நீங்கதான் விளக்கம் சொல்லணும்.

போன வாரம் ஒரு மெயில் வந்துச்சு. அனுப்பினவரோட அனுமதியோட, அடையாளம் எல்லாம் எடுத்துட்டுப் படிக்கிறேன்.

"ப்ரோ, எனக்கு 27 வயசு. பெங்களூர்ல வேலை. தை மாசம் கல்யாணம். காலேஜ் முடிச்ச பிறகு ஒரு ரிலேஷன்ஷிப் இருந்துச்சு, அது முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆகுது. உடம்புல எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. ஆனா கல்யாணத்துக்கு முன்னாடி எல்லாத்தையும் செக் பண்ணிடலாம்னு ஒரு ஆப்ல பார்த்தேன். 'ஃபுல் எஸ்.டி.டி பேனல்'னு ஒரு பேக்கேஜ். அதுல ஹெர்பிஸும் இருக்கு. கார்ட்ல போட்டு வச்சிருக்கேன். எடுக்கலாமா? பாஸிட்டிவ் வந்தா அவங்ககிட்ட சொல்லணுமா?"

படிச்சதும் எனக்கு வயித்துல ஏதோ பிசைஞ்ச மாதிரி இருந்துச்சு. ஏன்னா மூணு வருஷத்துக்கு முன்னாடி இதே மாதிரி ஒரு பேக்கேஜை நானும் கார்ட்ல போட்டேன். நான் பட்டனை அழுத்திட்டேன். என்ன ஆச்சுன்னு நடுவுல சொல்றேன். முதல்ல விஷயத்தைப் புரிஞ்சுக்கலாம்.

ஒரு டிஸ்க்ளெய்மர்: நான் டாக்டர் இல்லை, சாஃப்ட்வேர் இன்ஜினியர். இங்க சொல்றது பொதுவான தகவல். உங்க உடம்பைப் பத்தின முடிவை உங்க டாக்டரோட உட்கார்ந்துதான் எடுக்கணும்.

இது அக்கி இல்லை

ஹெர்பிஸ்னு தமிழ்ல தேடினா, பாதி இடத்துல 'அக்கி'ன்னு வரும். அதனால நிறைய பேர் குழம்பிடறாங்க. அக்கிங்கறது ஹெர்பிஸ் ஜோஸ்டர். சின்ன வயசுல அம்மை போட்டப்போ உடம்புக்குள்ள வந்த வைரஸ், நரம்புக்குள்ள தூங்கிட்டு இருந்து, பல வருஷம் கழிச்சு முதுகுலயோ இடுப்புலயோ பட்டை மாதிரி கொப்புளமா வெளிய வர்றது. நம்ம பாட்டிங்க குயவர் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் காவி வச்சு 'அக்கி எழுதி'ட்டு வருவாங்களே, அது. அதுக்கும் செக்ஸுக்கும் சம்பந்தமே இல்லை.

நாம பேசறது ஹெர்பிஸ் சிம்ப்ளக்ஸ். அதே குடும்பம், வேற வைரஸ். இதுல ரெண்டு வகை இருக்கு.

ஹெச்.எஸ்.வி-1: பெரும்பாலும் வாயைச் சுத்தி வரும். காய்ச்சல் வந்து போன பிறகு உதட்டு ஓரத்துல கொத்தா ஒரு கொப்புளம் வருமே, பெரும்பாலும் அது இதுதான். நிறைய பேருக்குச் சின்ன வயசுலயே, வீட்டுல யாராவது கொஞ்சி முத்தம் கொடுத்ததுல வந்திருக்கும்.

ஹெச்.எஸ்.வி-2: பெரும்பாலும் பிறப்புறுப்புப் பகுதியில் வரும். உடலுறவு மூலமா பரவும்.

இந்தப் பிரிவு கறாரானது இல்லை. வாய்வழி உறவு மூலமா ஹெச்.எஸ்.வி-1 கீழேயும் வரலாம்.

எத்தனை பேருக்கு இருக்கு? உலக சுகாதார நிறுவனத்தோட மதிப்பீட்டுல, உலகத்துல 50 வயசுக்குக் கீழ இருக்கிறவங்கள்ல சுமார் 380 கோடி பேருக்கு ஹெச்.எஸ்.வி-1 இருக்கு. அதாவது மூணுல ரெண்டு பங்குக்குக் கிட்ட. 15-லிருந்து 49 வயசுக்குள்ள சுமார் 52 கோடி பேருக்கு ஹெச்.எஸ்.வி-2 இருக்கு. ஏறக்குறைய எட்டு பேருக்கு ஒருத்தர். இதுல பெரும்பாலானவங்களுக்கு அறிகுறியே வராது, இல்லன்னா பூச்சி கடி, வேர்க்குரு, ஷேவிங் காயம்னு நினைச்சு விட்டுடற அளவுக்கு லேசா வரும்.

வைரஸ் ஒரு தடவை உள்ள வந்துட்டா நரம்பு முடிச்சுகள்லயே தங்கிடும். முழுசா வெளியேத்த மருந்து இல்லை. ஆனா அசைக்ளோவிர், வாலசைக்ளோவிர் மாதிரி மாத்திரைகள் கொப்புளம் வர்றதையும், அடுத்தவங்களுக்குப் பரவறதையும் குறைக்கும். பெரும்பாலானவங்களுக்கு இது அப்பப்போ வந்து போற ஒரு தோல் தொந்தரவு, அவ்வளவுதான். 'ஹெர்பிஸ்'ங்கற பேருக்கு இருக்கிற பயம், அந்த நோய் உடம்புக்குப் பண்றதைவிடப் பல மடங்கு பெருசு.

டெஸ்ட் எதைத் தேடுது?

ஹெர்பிஸ் டெஸ்ட்னு சொல்றப்போ ரெண்டு வேற வேற விஷயத்தைச் சொல்றோம்.

முதலாவது, பி.சி.ஆர். கொப்புளமோ புண்ணோ இருந்தா, அதிலிருந்து குச்சியால துடைச்செடுத்து அதுல வைரஸோட மரபணு இருக்கான்னு நேரா தேடறது. கோவிட் நேரத்துல மூக்குல விட்டாங்களே, அதே தொழில்நுட்பம். இது நல்ல டெஸ்ட். எந்த வகை வைரஸ், எந்த இடத்துலன்னு தெளிவா சொல்லும். ஆனா துடைச்செடுக்க புண் வேணும், அதுவும் புதுசா இருக்கணும். அறிகுறியே இல்லாதவங்களுக்கு இது உதவாது.

ரெண்டாவது, ரத்த டெஸ்ட். ஆப் பேக்கேஜ்ல வர்றது இதுதான். இது வைரஸைத் தேடாது. வைரஸை எதிர்த்து உடம்பு உருவாக்கின ஆன்ட்டிபாடியைத் தேடும். நம்ம பாஷையில சொன்னா, சர்வருக்குள்ள யார் இருக்காங்கன்னு பார்க்காம, லாக் ஃபைலைப் பார்த்து ஊகிக்கிற மாதிரி. அந்த லாக்ல சில விஷயம் பதிவாகவே ஆகாது.

ஒண்ணு, இடம். ஹெச்.எஸ்.வி-1 பாஸிட்டிவ்னு வந்தா, அது உதட்டுலயா கீழயான்னு ரத்தத்துக்குத் தெரியாது. நம்மில் பாதிக்கு மேல அது பாஸிட்டிவாத்தான் வரும். அந்தத் தகவலை வச்சு என்ன பண்றது?

ரெண்டு, நேரம். எப்போ வந்துச்சு, யார்கிட்டேயிருந்து வந்துச்சுன்னு ரிப்போர்ட் சொல்லாது. சின்ன வயசுல வந்ததா, போன வருஷம் வந்ததான்னு தெரியாது. இதை வச்சு 'நீ எனக்குத் துரோகம் பண்ணிட்டே'ன்னு ஆரம்பிக்கிற சண்டை எல்லாம் ஆதாரமே இல்லாத சண்டை.

மூணு, தாமதம். தொற்று வந்த உடனே ஆன்ட்டிபாடி வராது. சிலருக்கு 12 வாரம் வரைக்கும் ஆகலாம். போன மாசம் நடந்த விஷயத்துக்கு இந்த வாரம் டெஸ்ட் எடுத்து நெகட்டிவ் வந்தா, அதுக்குப் பெருசா அர்த்தம் இல்லை.

இன்னொண்ணு, ரிப்போர்ட்ல ஐ.ஜி.எம், ஐ.ஜி.ஜி-ன்னு ரெண்டு வரி இருக்கும். ஐ.ஜி.எம் பாஸிட்டிவ்னா 'இப்போதான் புதுசா வந்திருக்கு'ன்னு கூகுள் சொல்லும். ஹெர்பிஸ் விஷயத்துல அதை நம்பாதீங்க. அது எந்த வகைன்னும் பிரிச்சுச் சொல்லாது. பழைய தொற்று திரும்பக் கிளம்பினாலும் பாஸிட்டிவ் காட்டும். அமெரிக்காவோட சி.டி.சி, ஹெர்பிஸுக்கு ஐ.ஜி.எம் டெஸ்ட் பயன்படுத்த வேண்டாம்னே சொல்லுது. ஆனா நம்ம ஊர்ல கர்ப்பத்துக்கு முன்னாடி எடுக்கச் சொல்ற 'டார்ச்' பேனல்ல இந்த ஐ.ஜி.எம் வரி இன்னும் வருது. அதைப் பார்த்துட்டு ராத்திரி முழுக்க அழுத ஒரு தோழி எனக்கு இருக்கா.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம்

இப்போ இன்ஜினியரா கொஞ்சம் பேசறேன். ஒரு டெஸ்ட் 95% சரியா வேலை செய்யுதுன்னு வச்சுக்குவோம். தொற்று இருக்கிற 100 பேர்ல 95 பேரைச் சரியா பிடிக்கும். தொற்று இல்லாத 100 பேர்ல 95 பேரை 'இல்லை'ன்னு சரியா விட்டுடும். கேட்க சூப்பரா இருக்கு, இல்லையா?

இந்த டெஸ்ட்டை 2,000 பேருக்கு எடுக்கறோம். அவங்கள்ல 5% பேருக்குத்தான் உண்மையிலேயே தொற்று இருக்குன்னு வச்சுக்குவோம். அதாவது 100 பேர். அவங்கள்ல 95 பேருக்குப் பாஸிட்டிவ் வரும். மிச்சம் 1,900 பேருக்குத் தொற்று இல்லை. ஆனா அவங்கள்ல 5% பேருக்குத் தப்பா பாஸிட்டிவ் வரும். 1,900-ல 5% எவ்வளவு? அதுவும் 95.

மொத்தம் 190 பாஸிட்டிவ் ரிப்போர்ட். அதுல 95 உண்மை, 95 பொய். '95% சரியான' டெஸ்ட்ல பாஸிட்டிவ் வந்தவர், ரிப்போர்ட்டைக் கையில வச்சுக்கிட்டு, தொற்று இருக்கா இல்லையான்னு நாணயம் சுண்டிப் பார்க்கிற நிலைமையில நிக்கறார்.

ஆன்-கால் பார்த்தவங்களுக்கு இது புரியும். அலர்ட் எப்பவோ ஒரு தடவைதான் தப்பா அடிக்கும். ஆனா உண்மையான பிரச்சினை அதைவிட அபூர்வமா வந்துச்சுன்னா, ராத்திரி மூணு மணிக்கு அடிக்கிற அலர்ட்ல பாதிக்கு மேல வெத்து அலர்ட்தான்.

இது நானே இஷ்டத்துக்குப் போட்ட எண்கள். நிஜமான எண்கள் இதைவிட மோசம். அமெரிக்காவுல யூ.எஸ்.பி.எஸ்.டி.எஃப்-ன்னு ஒரு நிபுணர் குழு இருக்கு. அறிகுறி இல்லாதவங்களுக்கு எந்த டெஸ்ட் எடுக்கணும், எது வேண்டாம்னு ஆதாரத்தை அலசிச் சொல்றதுதான் அவங்க வேலை. 2016-ல அவங்க போட்ட கணக்கு இது: ஹெச்.எஸ்.வி-2 16% இருக்கிற ஒரு லட்சம் பேருக்கு, பரவலா பயன்படற ஒரு ரத்த டெஸ்ட் எடுத்தா, உண்மையான பாஸிட்டிவ் 15,840. பொய்யான பாஸிட்டிவ் 15,960. பொய் ஒரு படி மேலேயே இருக்கு.

அதனால அறிகுறி இல்லாத வளரிளம் வயதினர், பெரியவங்க, கர்ப்பிணிகள் யாருக்கும் வழக்கமான பரிசோதனையா ஹெர்பிஸ் ரத்த டெஸ்ட் எடுக்க வேண்டாம்னு 'டி' கிரேடு கொடுத்தாங்க. 'டி'ன்னா 'பலனைவிடப் பாதகம் அதிகம், செய்யாதீங்க'ன்னு அர்த்தம். 2023-ல திரும்பவும் அலசிப் பார்த்து அதே முடிவை உறுதி செஞ்சாங்க.

இன்னொரு நுணுக்கம். ரிப்போர்ட்ல வெறும் பாஸிட்டிவ், நெகட்டிவ் மட்டும் இருக்காது, ஒரு எண் இருக்கும். இண்டெக்ஸ் வேல்யூ. பொதுவா 0.9-க்குக் கீழன்னா நெகட்டிவ், 1.1-க்கு மேலன்னா பாஸிட்டிவ், நடுவுலன்னா தெளிவில்லை. 1.1-லிருந்து 3 வரைக்கும் வர்ற பாஸிட்டிவ்கள்லதான் பொய் ரொம்ப அதிகம். அந்த எல்லைக்குள்ள வந்தா, வேற முறையில செய்யற ரெண்டாவது டெஸ்ட்டால உறுதி செய்யணும்னு சி.டி.சி-யோட 2021 வழிகாட்டுதல் சொல்லுது. அதுக்கு ரொம்ப நம்பகமான டெஸ்ட், வெஸ்டர்ன் பிளாட், அமெரிக்காவுல சியாட்டில்ல இருக்கிற வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல செய்யறாங்க. நம்ம தெருமுனை லேப்ல அது கிடைக்காது.

என் ரிப்போர்ட்: 1.6

சரி, என் கதைக்கு வரேன்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ரிலேஷன்ஷிப் சீரியஸா போயிட்டு இருந்துச்சு. பொறுப்பா நடந்துக்கலாம்னு ஃபுல் பேனல் எடுத்தேன். ராத்திரி 11 மணிக்கு வாட்ஸ்அப்ல பி.டி.எஃப் வந்துச்சு. ஹெச்.ஐ.வி, நான்-ரியாக்டிவ். சிஃபிலிஸ், நான்-ரியாக்டிவ். ஹெபடைடிஸ் பி, நெகட்டிவ். நிம்மதியா ஸ்க்ரோல் பண்ணிட்டே வந்தேன். கடைசிப் பக்கத்துல ஹெச்.எஸ்.வி-2 ஐ.ஜி.ஜி: 1.6. பக்கத்துல கொட்டை எழுத்துல பாஸிட்டிவ்.

விடியற்காலை நாலு மணி வரைக்கும் படிச்சேன். வாழ்நாள் முழுக்க, மருந்து இல்லை, இந்த ரெண்டு வார்த்தைதான் மண்டைக்குள்ள ஓடிட்டே இருந்துச்சு. அடுத்த நாள் அவ கூப்பிட்டப்போ 'ரிலீஸ் இருக்கு, பிஸி'ன்னேன். அடுத்த வாரமும் அதையே சொன்னேன். மூணு வாரம் அப்படியே ஓடுச்சு. அவளைத் தொடக்கூடாதுன்னு நினைச்சேன். அதை அவகிட்ட சொல்லாமலே நினைச்சேன், அதுதான் தப்பு.

கடைசியில ஒரு தோல் டாக்டர்கிட்ட போனேன். நிறைய பேருக்குத் தெரியாது, நம்ம ஊர்ல தோல் டாக்டர்கள் பால்வினை நோய்க்கும் சேர்த்துத்தான் படிச்சிருப்பாங்க. போர்டுல டி.வி.எல்-னு போட்டிருந்தா அதுல 'வி'ங்கறது அதுக்குத்தான். வயசான மேடம். ரிப்போர்ட்டைப் பார்த்துட்டுக் கேட்டாங்க:

"தம்பி, யாரு உன்னை இந்த டெஸ்ட் எடுக்கச் சொன்னா?"

"நானாத்தான் எடுத்தேன் டாக்டர்."

"புண்ணு, எரிச்சல், ஏதாவது?"

"ஒண்ணும் இல்லை."

"அப்போ இந்த 1.6-ஐ வச்சு நான் என்ன எழுதித் தரட்டும், சொல்லு?"

என்கிட்ட பதில் இல்லை. 12 வாரம் கழிச்சு வேற லேப்ல எடுக்கச் சொன்னாங்க. எடுத்தேன். 0.5, நெகட்டிவ். "பெரும்பாலும் முதல்ல வந்தது தப்பு. ஆனா நூத்துக்கு நூறுன்னு எழுதித் தர மாட்டேன். இனிமே கொப்புளம் மாதிரி எதாவது வந்தா, அன்னைக்கே வா, துடைச்செடுத்துப் பார்க்கலாம்"னாங்க.

அதாவது, கையில பணம் இருந்தது, ஆப் இருந்தது, பத்து நிமிஷத்துல வீட்டுக்கே ஆள் வந்து ரத்தம் எடுத்துட்டுப் போனார். ஆனா எனக்குக் கிடைச்சது பதில் இல்லை. என்கிட்ட முன்னாடி இல்லாத ஒரு கேள்விதான்.

அப்போ யாருமே எடுக்க வேண்டாமா?

அப்படி இல்லை. சில சூழ்நிலைகள்ல இந்த ரத்த டெஸ்ட் உண்மையிலேயே உதவும்.

திரும்பத் திரும்ப அந்தப் பகுதியில புண், வெடிப்பு, எரிச்சல் வருது, ஆனா பி.சி.ஆர் எடுத்தா நெகட்டிவ், இல்லன்னா போறதுக்குள்ள ஆறிடுது. அப்போ ரத்த டெஸ்ட் ஒரு துப்பு கொடுக்கும்.

உங்க துணைக்கு ஹெர்பிஸ் இருக்குன்னு உறுதியாத் தெரியும். உங்களுக்கும் ஏற்கெனவே இருக்கான்னு தெரிஞ்சா, எவ்வளவு ஜாக்கிரதையா இருக்கணும், துணை மாத்திரை எடுக்கணுமான்னு முடிவு பண்ணலாம். இங்க ரிசல்ட் நிஜமாவே உங்க நடவடிக்கையை மாத்தும்.

கர்ப்பம். இது முக்கியமான இடம். பல வருஷமா ஹெர்பிஸ் இருக்கிற அம்மாவோட குழந்தைக்குப் பிரசவத்துல தொத்தற வாய்ப்பு 1%-க்கும் கீழ. ஆனா கர்ப்பத்தோட கடைசி மாதங்கள்ல அம்மாவுக்கு முதல் தடவையா தொற்று வந்தா, அந்த வாய்ப்பு 30 முதல் 50% வரைக்கும் போகும். பச்சைக் குழந்தைக்கு இது உயிருக்கே ஆபத்தான விஷயம். அதனால கணவருக்கு ஹெர்பிஸ் இருந்து, கர்ப்பிணிக்கு இல்லாம இருந்தா, அதை மகப்பேறு டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லணும். வெட்கப்பட்டு விழுங்கற விஷயம் இல்லை இது. இன்னொண்ணு, உதட்டுல கொப்புளம் இருக்கும்போது, உங்க அக்கா குழந்தையா இருந்தாலும், பிறந்த குழந்தைக்கு முத்தம் கொடுக்காதீங்க.

ஹெச்.ஐ.வி-யோட வாழறவங்க, பல துணைகள் இருந்தவங்களும் டாக்டரோட பேசி முடிவு பண்ணலாம். ஹெச்.எஸ்.வி-2 இருந்தா ஹெச்.ஐ.வி தொத்தற வாய்ப்பு சுமார் மூணு மடங்கு கூடும்.

மறுபக்கத்தையும் நேர்மையாச் சொல்லணும். அறிகுறி இல்லாதவங்ககிட்டேயிருந்தும் இது பரவும். 2011-ல வெளியான ஒரு அமெரிக்க ஆய்வுல, ஹெச்.எஸ்.வி-2 இருந்தும் அறிகுறியே வராதவங்க, பரிசோதிச்ச நாட்கள்ல ஏறக்குறைய 10%-ல வைரஸை வெளியேத்தறாங்கன்னு பார்த்தாங்க. அறிகுறி வர்றவங்களுக்கு அது சுமார் 20%. 'அப்போ தெரிஞ்சுக்கறது என் கடமை இல்லையா?'ன்னு நீங்க கேட்டா, அது நியாயமான கேள்வி. டெஸ்ட் துல்லியமா இருந்தா நானும் எடுங்கன்னுதான் சொல்லுவேன். தெரிஞ்சுக்கணும்ங்கற ஆசையில தப்பு இல்லை. அந்த ஆசைக்குப் பதில் சொல்ற தகுதி இந்தக் கருவிக்கு இன்னும் வரலை.

நம்ம அரசாங்கமும் இதை அறிகுறி வழியாத்தான் கையாளுது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பான நாக்கோ-வோட பால்வினை நோய் சிகிச்சையில, கலர் கலரா மருந்துப் பெட்டிகள் இருக்கு. ஹெர்பிஸ் புண்ணுக்குச் சிவப்புப் பெட்டி, உள்ள அசைக்ளோவிர் மாத்திரை. டாக்டர் புண்ணைப் பார்ப்பார், பெட்டியைக் கொடுப்பார். ரத்தத்துல ஐ.ஜி.ஜி எவ்வளவுன்னு கேட்டுக் காக்க வைக்கிறதில்லை.

பட்டனை அழுத்தறதுக்கு முன்னாடி மூணு கேள்வி

இன்னைக்கு யாராவது என்கிட்ட கேட்டா, இந்த மூணையும் ஒரு பேப்பர்ல எழுதிப் பதில் சொல்லச் சொல்லுவேன்.

1. பாஸிட்டிவ் வந்தா நான் என்ன மாத்தப் போறேன்? நெகட்டிவ் வந்தா என்ன மாத்தப் போறேன்? ரெண்டுக்கும் ஒரே பதில்னா, அந்த டெஸ்ட் வெறும் கவலைக்கான செலவு.

2. 1.1-க்கும் 3-க்கும் நடுவுல ஒரு எண் வந்தா, அடுத்து என்ன? யார்கிட்ட போவேன்? எத்தனை மாசம் காத்திருக்கணும்? தை மாசம் கல்யாணம், கார்த்திகையில ரிப்போர்ட், 12 வாரம் கழிச்சு மறுபடி டெஸ்ட். காலண்டரை எடுத்து எண்ணிப் பாருங்க.

3. எனக்கு உண்மையில எது பயம்? நோயா, பழைய விஷயம் வெளிய வந்துடும்ங்கறதா? ரெண்டாவதுன்னா, அதுக்கு லேப்ல மருந்து இல்லை.

சொல்லணுமா?

மெயில்ல ரெண்டாவது கேள்வி இது. உறுதியா ஹெர்பிஸ் இருக்குன்னு தெரிஞ்சா, சொல்லணும். சுத்தி வளைக்காம சொல்றேன், சொல்லணும். உடம்பு அவங்களோடது, முடிவெடுக்கற உரிமையும் அவங்களோடது. சொல்லும்போது வெறும் பயத்தை மட்டும் கொடுக்காம, என்ன செய்யலாம்ங்கறதையும் சேர்த்துச் சொல்லுங்க. கொப்புளம் இருக்கிற நாட்கள்ல உறவைத் தவிர்க்கிறது. ஆணுறை, அது முழுசா தடுக்காட்டியும் ஆபத்தைக் குறைக்கும். தினமும் எடுக்கிற மாத்திரை. 2004-ல வெளியான பெரிய ஆய்வுல, ஒருத்தருக்கு மட்டும் ஹெச்.எஸ்.வி-2 இருக்கிற தம்பதிகள்ல, தினம் 500 மில்லிகிராம் வாலசைக்ளோவிர் எடுத்தப்போ துணைக்குத் தொத்தறது ஏறக்குறைய பாதியாக் குறைஞ்சுது.

நான் எப்படிச் சொன்னேன்னு கேக்கறீங்களா? கேவலமாச் சொன்னேன். மூணு வாரம் கழிச்சு, ஒரு டீக்கடை வாசல்ல, ஃபோன்ல பி.டி.எஃப்-ஐத் திறந்து அவ கையில கொடுத்துட்டு, வேற பக்கம் பார்த்துட்டு நின்னேன்.

அவ படிச்சா. ரொம்ப நேரம் எதுவும் பேசலை. அப்புறம் சொன்னா: "இந்த நம்பருக்கு எனக்குக் கோவம் இல்லை. மூணு வாரமா நான் என்ன தப்புப் பண்ணேன்னு யோசிச்சு யோசிச்சுத் தூங்காம இருந்தேனே, அதுக்குத்தான்டா கோவம்."

அதுக்கு என்கிட்ட பதிலே இல்லை.

கொஞ்சம் கழிச்சு அவளே கேட்டா: "பன்னெண்டாவது படிக்கும்போதிலிருந்து எக்ஸாம் வந்தா எனக்கு உதட்டு ஓரத்துல கொப்புளம் வருமே, பார்த்திருக்கேல்ல? எங்க அம்மா சூட்டுக் கொப்புளம்னு விளக்கெண்ணெய் தடவுவாங்க. அது என்னன்னு நினைச்சுட்டு இருந்தே?"

நான் ராத்திரி நாலு மணி வரைக்கும் முட்டி மோதிப் படிச்ச அந்த வைரஸ் குடும்பம், ஒரு பாட்டில் விளக்கெண்ணெயோட அவங்க வீட்டுல பத்து வருஷமா குடியிருந்திருக்கு. யாரும் அவளை ஒதுக்கி வைக்கலை. ஏன்னா யாரும் அதுக்கு ஹெர்பிஸ்னு பேர் வைக்கலை.

இப்போ அவ என் மனைவி. இதைச் சொல்ல அனுமதி வாங்கிட்டேன். 'கேவலமாச் சொன்னேன்'ங்கற வார்த்தையை எடிட்ல வெட்டக்கூடாதுங்கற நிபந்தனையோட.

மெயில் போட்ட நண்பருக்கு

கல்யாணத்துக்கு முன்னாடி செக் பண்ணணும்னு நினைச்சது நல்ல எண்ணம். அதை விட்டுடாதீங்க. ஹெர்பிஸ் வரியை மட்டும் தனியாப் பாருங்க.

ஹெச்.ஐ.வி, சிஃபிலிஸ், ஹெபடைடிஸ் பி, கொனோரியா, கிளாமிடியா. இவை அறிகுறி இல்லாமலும் உடம்புல இருக்கலாம். கண்டுபிடிச்சா செய்யறதுக்கு வேலையும் இருக்கு. சிஃபிலிஸுக்குப் பென்சிலின் ஊசி இருக்கு. கொனோரியாவுக்கும் கிளாமிடியாவுக்கும் ஆன்ட்டிபயாட்டிக் இருக்கு. ஹெச்.ஐ.வி-க்குத் தொடர்ந்து மருந்து எடுத்து வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலைக்குப் போயிட்டா, உடலுறவு மூலமா துணைக்குப் பரவாது. ஹெபடைடிஸ் பி-க்கு உங்க துணை தடுப்பூசி போட்டுக்கலாம். மேல சொன்ன முதல் கேள்விக்கு இங்கெல்லாம் தெளிவான பதில் இருக்கு.

முதல்ல டாக்டரைப் பாருங்க, அப்புறம் லேப். தமிழ்நாட்டுல அரசு மருத்துவமனைகள்ல இருக்கிற நம்பிக்கை மையங்கள்ல ஆலோசனையோட ஹெச்.ஐ.வி டெஸ்ட் இலவசம். பெங்களூர்லயும் அரசு மருத்துவமனைகள்ல அதே மாதிரி மையம் இருக்கு. யார்கிட்ட கேக்கறதுன்னே தெரியலைன்னா, நாக்கோ-வோட இலவச உதவி எண் 1097.

ஹெர்பிஸைப் பொறுத்தவரைக்கும், நீங்க சொன்னதை மட்டும் வச்சுப் பார்த்தா, அறிகுறி இல்லை, பழைய துணைக்கு இருந்ததாவும் தெரியலை. நானா இருந்தா எடுக்க மாட்டேன். எப்பவாவது கொப்புளமோ புண்ணோ வந்தா, கூச்சப்படாம முதல் ரெண்டு நாளுக்குள்ள டாக்டர்கிட்ட காட்டுங்க. இல்லை, எனக்குத் தெரிஞ்சே ஆகணும்னா, எடுங்க, அது உங்க உரிமை. ஆனா எடுக்கறதுக்கு முன்னாடியே அந்தப் பொண்ணுகிட்ட 'நான் இப்படி ஒரு டெஸ்ட் எடுக்கப் போறேன், ரிசல்ட் குழப்பமாவும் வரலாம்'னு சொல்லிட்டு எடுங்க. ராத்திரி 11 மணிக்கு வர்ற அந்த பி.டி.எஃப்-ஐத் தனியா உட்கார்ந்து திறக்காதீங்க.

கல்யாணத்துக்கு வாழ்த்துக்கள். பத்திரிகை அனுப்புங்க, பெங்களூரா இருந்தா வந்துடறேன்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே.